அரசியல் வகுப்பில் சிலப்பதிகாரம்

எம் மூத்த மகள் இந்நகரக் கல்லூரி ஒன்றில் அரசியல் அறிவியல் இளங்கலை பயில்கின்றாள். பள்ளியில் அவள் கற்றவை கன்னடமும் ஆங்கிலமும் இந்தியும். தமிழோ, ஞாயிற்றுக்கிழமைகளில் தொம்மலூர் வீட்டுத் திண்ணையில் யாம் சொல்லிக்கொடுத்த அளவே. சென்ற ஆண்டு ஓர் இரவு பிளாட்டோ, ஹாப்ஸ், ரூசோ, கௌடில்யர் என்று பெயர்களை அடுக்கி மனனம் செய்துகொண்டிருந்தவள் தலைநிமிர்ந்து, "அப்பா, தமிழில் அரசியலைப் பற்றிச் சிந்தித்தவர் ஒருவருமே இல்லையா? எங்கள் பட்டியலில் காணோமே!" என்று வினவினாள்.

சங்க மேடைகளின் முன்னே இருபது ஆண்டுகளாக அமர்ந்து கேட்ட சொற்பொழிவுகள் யாவும் அக்கணமே எம் நாவில் வந்து நின்றன. பொருட்பால் எழுபது அதிகாரம், அதனுள் அரசியல் மட்டும் இருபத்தைந்து, இறைமாட்சி முதலாக இன்னின்ன என்று ஒரு மூச்சில் சொல்லி முடித்தோம். அவள் பொறுமையாகக் கேட்டாள். பின்னர், "அவர் சொன்னது சரியென்று எப்படி முடிவு செய்வது? மறுத்துப் பேசியவர் யார்?" என்றாள். மேடையில் எவரும் எம்மிடம் அவ்வாறு கேட்டதில்லை. விடையும் எம்மிடம் இல்லை.

பட்டியலில் தமிழ் இல்லை என்னும் குறை பழையது. அது பொய்யும் அன்று. கல்லூரி ஆசிரியராக விரும்புவோர் எழுதும் தேசியத் தகுதித் தேர்வுக்கென 2019-இல் திருத்தியமைத்த அரசியல் அறிவியல் பாடத்திட்டத்தை நோக்குக. இந்திய அரசியற் சிந்தனை என்னும் பகுதியில் தர்மசாத்திரம், கௌடில்யர், பௌத்தரின் அக்கஞ்ஞ சுத்தம், பரணி, கபீர் என்று வரிசை செல்கிறது. பிற்காலத்தாருள் தாகூரும் இக்பாலும் பெரியாரும் உளர். வள்ளுவர் இலர், இளங்கோவும் இலர். ஆயினும் அப்பட்டியலை வகுத்தோர் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டனர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. கபீர் பாடல் பாடியவர். தாகூரும் இக்பாலும் பாவலர். பாட்டிலும் அரசியற் சிந்தனை உண்டு, அதனைப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கலாம் என்பது ஏற்கப்பட்டபின் எஞ்சும் வினா, எதனை எவ்வாறு கற்பிப்பது என்பதே.

பெயர் சேர்ந்துவிட்டாற் போதுமா? நம்மவர் குறளைப் பயன்படுத்தும் முறையைப் பார்க்கையில் எமக்கு ஐயம் எழுகின்றது. தமிழ்நாட்டில் அரசுப் பேருந்தில் ஓட்டுநர் தலைக்குமேல் ஒரு குறள். அலுவலகச் சுவரில் ஒரு குறள். திருமண அழைப்பிதழிலும் ஒரு குறள். கண்ணாற் காண்கிறோம், கருத்தாற் கடந்துவிடுகிறோம். அல்சூரில் நிறுவிய வள்ளுவர் சிலை 1991 முதல் 2009 ஆகஸ்ட் 9 வரை, பதினெட்டு ஆண்டுகள், திறக்கப்படாமல் மூடியே கிடந்ததை இம்மலரைப் படிக்கும் குடும்பங்கள் அறியும். நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடப் புலவர் சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பெற்றது. அச்சிலை மூடிக் கிடந்தமைக்கு வருந்தியவர் பலர். ஆயினும் அப்பதினெட்டு ஆண்டுகளில் செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்தசெய்யாமை என்னும் மூன்று அதிகாரங்களையும் வரிசையாக ஒரு மாலையில் அமர்ந்து படித்தவர் நம்முள் எத்தனை பேர்? யாம் படிக்கவில்லை, மகள் கேட்ட பின்னரே படித்தோம்.

அவ்வாறு படிக்கையில் குறள் அறிவுரைத் தொகுப்பாக நில்லாது வழக்காடத் தொடங்குகிறது. கோலேந்தி நின்று குடிகளிடம் பொருள் கேட்கும் மன்னனை, வேலேந்தி வழிமறிக்கும் கள்வனோடு வள்ளுவர் ஒப்பிடுகிறார். ஐந்தாம் நூற்றாண்டில் கிறித்தவ அறிஞர் அகஸ்தீனும், நீதியை நீக்கிவிட்டால் பேரரசுகள் பெருங்கொள்ளைக் கூட்டங்களே அன்றோ என்று கேட்டார். அலெக்சாந்தரிடம் அகப்பட்ட கடற்கொள்ளைக்காரன் கதையையும் அதற்குச் சான்றாக்கினார். இருவரையும் அருகருகே வைத்து, வரிக்கும் கொள்ளைக்கும் வேறுபாடு யாது என்று பத்தொன்பது வயது மாணவரிடம் கேட்டால், அவ்வகுப்பில் எவரும் உறங்கமாட்டார்.

மேற்கோள் ஆட்சியின் மற்றொரு தீங்கு நுட்பமானது. 2019 ஜூலையில் நடுவணரசின் வரவுசெலவுத் திட்டத்தை முன்வைத்த நிதியமைச்சர், பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பாடிய புறப்பாட்டை நாடாளுமன்றத்தில் எடுத்துக்காட்டினார். வயலில் விளைந்ததை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பலநாள் உணவாகும், யானையே வயலிற் புகுந்தால் வாய்க்குச் சென்றதினும் காலில் மிதிபட்டதே மிகும் என்னும் உவமை அது. நாடே கேட்டது, நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அப்பாட்டு யாருடைய வாயிற் பிறந்தது? வரி கொள்ளும் வேந்தனை நோக்கி, வரி கொள்ளாத புலவர் ஒருவர் கூறியது. அதனை வரி விதிக்கும் இருக்கையிலிருந்தே எடுத்தோதுகையில் சொல் அதுவேயாக இருப்பினும் திசை மாறிவிடுகிறது. நடுவணரசு எழுத்தராகிய எமக்கு நடத்தை விதிகள் நன்கு நினைவிருக்கின்றன. இஃது அரசின்மீது யாம் கூறும் குறை அன்று. எக்கட்சியார் அவ்விருக்கையில் அமரினும் இதுவே நேரும். செய்யுளை யார் யாருக்குக் கூறினார் என்பதை நீக்கிவிட்டுப் படிக்கும் பழக்கத்தையே யாம் குறிக்கிறோம்.

எம் கருத்து இதுதான். அரசியற் கோட்பாட்டு நூல்களிற் பல அரியணைப் பக்கம் நின்று பேசுவன. கௌடில்யரின் பொருள் நூல் அரசனுக்கே கூறுவது. (அந்நூலின் ஏட்டுச் சுவடியை 1905-இல் கண்டெடுத்தவர் மைசூர்க் கீழ்த்திசை நூலகத்தின் சாம சாத்திரியார். அவர் 1909-இல் அதனை அச்சேற்றும்வரை இன்று நாம் காணும் பாடத்திட்டத்தின் பாதி எவருக்கும் தெரியாது. கன்னட நாடு இந்திய அரசியல் கல்விக்குச் செய்த உதவி இது.) இலக்கியமோ வாயிலில் வந்து நிற்பவரையும் உள்ளே அழைத்து வருகிறது. அவர் முகத்தைக் காட்டுகிறது. அவர் வழக்கைக் கேட்கச் செய்கிறது. கோட்பாட்டுக்கு உதாரணம் காட்டவே இலக்கியம் என்று கொள்ளும் ஆசிரியர் இப்பயனை இழந்துவிடுகிறார். மறுப்புக் குரலாக இலக்கியத்தைக் கொள்ளும் ஆசிரியரே அதனைப் பெறுகிறார்.

இதற்குச் சிலப்பதிகாரத்தினும் சிறந்த பாடநூல் எமக்குத் தெரியாது. அரசியலில் தவறினார்க்கு அறமே கூற்றாகும் என்பதை நூலின் நோக்கம் மூன்றனுள் முதலாவதாகப் பதிகமே கூறிவிடுகிறது. எனவே இதனை அரசியல் நூலாகப் படிப்பது நாம் வலிந்து செய்யும் செயல் அன்று.

மகளும் யாமும் மழைக்காலத்து ஞாயிறுகளில் மதுரைக் காண்டத்தைப் படித்தோம். அவள் தடுமாறும் சொற்களை யாம் விளக்கினோம். யாம் தடுமாறிய இடங்களில் உரையாசிரியர் துணை செய்தனர். கொலைக்களக் காதைக்கு வந்தபோது அவள் கேட்ட முதற்கேள்வி, "கோவலனை மதுரையில் யாருக்குத் தெரியும்?" என்பது. இத்தனை ஆண்டுகளில் யாம் எண்ணிப் பாராத கேள்வி. கோவலன் புகாரிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவன். அவன் இன்னான் என்று சான்று கூற அந்நகரில் ஒருவரும் இலர். அடைக்கலம் தந்தவளோ இடைக்குலத்து மாதரி. பொற்கொல்லன் ஒரு சொற் சொன்னான். அரசன் தேராது ஆணையிட்டான். ஏவலர் கோவலனைப் பார்த்து, இவன் கள்வன் போலத் தோன்றவில்லையே என்று தயங்கவும் செய்தனர். அத்தயக்கத்தைக் களவு நூலறிவு பேசியே பொற்கொல்லன் கலைக்கிறான். இறுதியில் வெட்டியவன் கல்லாத கள்வெறியன் ஒருவன். ஆணையிட்டவன், சான்று கூறியவன், தயங்கியவன், வெட்டியவன் ஆகிய நால்வருள் குற்றம் யாருடையது? ஓர் அரசின் செயல் பலர் கைவழியே நடைபெறுங்கால் பொறுப்பு எங்குத் தங்குகிறது? இவ்வினாவைப் பாடநூல்கள் பல பக்கங்களில் விளக்க முயல்கின்றன. இளங்கோ ஒரு தெருவில் நடத்திக் காட்டிவிடுகிறார்.

எழுத்தராகிய எமக்கு மற்றொன்று கண்ணிற் பட்டது. அலுவலகத்தில் கடைநிலை ஊழியர் ஒருவரைப் பணிநீக்கம் செய்ய வேண்டுமாயினும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தரவேண்டும், விளக்கம் கேட்கவேண்டும், விசாரணை அலுவலர் அமரவேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 311-ஆம் உறுப்பு அவ்வாறு காக்கிறது. 1965-ஆம் ஆண்டின் ஒழுங்கு விதிகள் அதன் படிமுறைகளை வகுக்கின்றன. (அவ்வுறுப்புக்கும் விலக்குகள் உண்டு என்பதையும், விலக்குகளிலேயே ஆட்சியின் இயல்பு வெளிப்படும் என்பதையும் மாணவர் மறத்தலாகாது.) பாண்டியனின் முதல் ஆணையில் இவற்றுள் ஒன்றும் இல்லை. குறிப்பில்லை, கோப்பில்லை, ஊடிய தேவியைத் தெளிவிக்கச் செல்லும் வழியில் வாய்மொழியாக இட்ட கட்டளை அது. ஆனால் வழக்குரை காதையில் நடப்பதோ முறையான விசாரணை. வாயிலோன் அறிவிக்கிறான், முறையிடுபவளை வேந்தன் உள்ளே அழைக்கிறான், யார் நீ என்று வினவுகிறான், கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோல் அன்று என்று தன் வாதத்தை வைக்கிறான், தேவியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்பது சான்றாகிறது, சிலம்பு உடைகிறது. முற்பகுதியில் விசாரணையின்றி ஓர் உயிர் போயிற்று. பிற்பகுதியில் விசாரணை நடந்தது. அதன் முடிவை வேந்தன் தன் உயிரால் ஏற்றான். ஒரே மன்னன், ஒரே நாள். நடைமுறை என்பது வெற்றுச் சடங்கா, நீதியின் உடலா என்று விவாதிக்க இதனினும் நல்ல வழக்கு எந்த நூலில் உண்டு?

மேடைகள் இத்துடன் நின்றுவிடும். பாண்டியன் வீழ்ந்தான், அறம் வென்றது என்று கைதட்டிக் கலைவோம். நூல் அங்கு நிற்கவில்லை. நாம் பேசாது விடும் பகுதி ஒன்று உளது. அதனை மறைத்துக் கற்பித்தால் அது கல்வியாகாது என்பதனால் கூறுகிறோம்.

பாண்டிநாடு மழையின்றி வறுமையும் நோயும் உற்றபோது, கொற்கையிலிருந்த இளஞ்செழியன் வெற்றிவேற் செழியன் கண்ணகியின் சினம் தணிய என்ன செய்தான்? பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான். நூலின் தொடக்கத்து உரைபெறு கட்டுரையிலும், வஞ்சிக் காண்டத்து நீர்ப்படைக் காதையிலும் என இருமுறை இச்செய்தி வருகிறது. பலியிட்டபின் மழை பெய்ததாகவும் சொல்லப்படுகிறது. ஒருவன் செய்த பொய்க்கு அவன் தொழிலைச் செய்தவர் என்பதன்றி வேறு குற்றம் அறியாத ஆயிரவர் மாண்டனர். விசாரணையின்றிக் கொன்ற ஒரு பிழைக்குக் கழுவாய், விசாரணையின்றிக் கொன்ற ஆயிரம் கொலைகள்!

மதுரையை எரித்தவளும் கண்ணகிதானே என்று சிலர் கேட்கலாம். ஆம். மன்னன் பிழைக்கு நகரம் எரிந்தது அறமா என்பதும் வகுப்பில் எழவேண்டிய வினாவே. இட்லரின் வீழ்ச்சிக்குப்பின் செருமானிய மெய்யியலார் கார்ல் யாசுபெர்சு, ஓர் அரசின் குற்றத்தில் குடிமக்களின் பங்கு எவ்வளவு என்று 1946-இல் ஒரு நூலே எழுதினார். ஆயினும் ஒன்றை நோக்குக. கணவனை இழந்த வெஞ்சினத்திலும் கண்ணகி, அந்தணர், அறவோர், பசுக்கள், பத்தினிப் பெண்டிர், முதியோர், குழவியர் ஆகியோரை விடுத்துத் தீத்திறத்தாரையே சேர்க எனத் தீக்கடவுளுக்குக் கட்டளையிடுகிறாள். அவள் பிரித்தறிந்தாள். ஆண்டவர்க்குச் சினமில்லை, ஆராய நாளிருந்தது, அமைச்சர் இருந்தனர், அவர்கள் பிரித்தறியவில்லை. இளங்கோ இதனை ஒப்பினாரா, ஒப்பாமலேயே உள்ளது உள்ளவாறு உரைத்தாரா என்பதில் எமக்கு இன்னும் தெளிவில்லை. கண்டிக்கும் சொல் ஒன்றும் அங்கு இல்லை என்பதையும் மறைக்கக்கூடாது.

இப்பகுதியைப் படித்த இரவு யாம் உறங்கவில்லை. காரணத்தை இம்மலரின் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானபோது யாம் பள்ளிச் சிறுவர். எம் தந்தையார் காவிரியில் ஒரு குடம் நீரும் கூடுதலாகக் கேட்டவர் அல்லர். பேசிய மொழி ஒன்றே அவர்க்கு எதிரான சான்று. பின்வீட்டுக் கன்னட அம்மையார் எம் குடும்பத்தை இரண்டு இரவு தம் அடுக்களையில் வைத்துக் காத்தார். கதவைத் தட்டியவரிடம், "நம்மவர்களே இருக்கிறார்கள்" என்று கன்னடத்தில் விடை கூறினார். 2016 செப்டம்பரில் அதே அச்சம் மீண்டும் வந்தது; அவ்வாண்டு தமிழ்நாட்டில் கன்னடர்தம் கடைகளுக்கும் அடி விழுந்தது. ஒருவன் குலத்தால், தொழிலால், மொழியால் மற்றொருவனின் குற்றத்திற்குப் பிணையாவது எப்போது, ஏன், யாருக்குப் பயனாக? அரசியற் கோட்பாடு இதனைக் கூட்டுப் பொறுப்பு என்று பெயரிட்டு ஆராய்கிறது. ஆயிரம் பொற்கொல்லரின் செய்தியைப் படித்தவர்க்கு அது வெறும் பெயராக இராது.

இலக்கிய அன்பர் சிலர் மறுப்புரைக்கலாம். காப்பியத்தை வழக்கறிஞர் கோப்பாக்கிவிட்டால் அதன் சுவை என்னாவது என்பர். அச்சம் முற்றிலும் பிழையன்று. ஆய்ச்சியர் குரவையைத் தவிர்த்துவிட்டு வழக்குரை காதையை மட்டும் தேர்வுக்கு வைப்பவர் கோவலன் யாரை இழந்தான், யார் கோவலனை இழந்தனர் என்பதையே இழந்துவிடுவர். சிகாகோப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் மாணவருக்குப் புதினங்களைப் பாடமாக வைத்த மார்த்தா நுஸ்பாம் என்னும் அம்மையார், டிக்கன்சின் 'ஹார்ட் டைம்ஸ்' புதினத்தைக் கொண்டு 1995-இல் எழுதிய நூலில் இதனையே வற்புறுத்துகிறார். மாந்தரை எண்ணிக்கையாக மட்டும் காணப் பழகிய கண்ணுக்குப் புதினம் ஒரு மருந்து. ஆனால் அதனை முழுமையாகப் படிக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. நாள்தோறும் மனிதரைக் கோப்பு எண்ணால் அறியும் எம்போன்றார்க்கு இம்மருந்து கசக்கவே செய்யும்.

அரசியல் ஆசிரியரோ, கதை வாதம் ஆகாது என்பர். அவர்க்கு ஒரு சிறு சான்று. நெல்லும் உயிரன்று, நீரும் உயிரன்று, மன்னனே உலகுக்கு உயிர் என்றார் புறநானூற்று மோசிகீரனார். பல நூற்றாண்டு கழித்துக் கம்பர் தம் பாலகாண்டத்து அரசியற் படலத்தில் அதனைத் தலைகீழாக்கி, உயிர்களே உயிர், மன்னன் அவை தங்கும் உடம்பு என்றார். ஒருவர் உவமையை மற்றவர் எடுத்து மறுப்பது வாதம் அன்றி வேறு யாது? முன்னவரை ஹாப்சின் 1651-ஆம் ஆண்டு நூலோடும், பின்னவரை ரூசோவின் 1762-ஆம் ஆண்டு நூலோடும் வைத்துப் படிப்பின் எங்கு ஒக்கும், எங்கு ஒவ்வாது என்று நான்கு வகுப்புகள் நடத்தலாம். மறுத்துப் பேசியவர் யார் என்று எம் மகள் கேட்டதற்கு, காலந்தாழ்த்தேனும் யாம் கண்ட விடை இதுவே.

இந்நகர வகுப்பறைகளுக்கு மற்றொரு வாய்ப்பும் உண்டு. கிரீஷ் கார்னாட் கன்னடத்தில் 1964-இல் 'துக்ளக்' எழுதினார். சோ 1968-இல் தமிழில் 'முகம்மது பின் துக்ளக்' நாடகத்தை மேடையேற்றினார். அங்கு, இலட்சியம் கொண்ட ஆட்சியாளன் கொடியவனாவது எவ்வாறு என்னும் துயரம். இங்கு, வேடதாரியை மக்களே வாக்களித்து ஏற்றுவது எவ்வாறு என்னும் நகைப்பு. ஒரே சுல்தான், இரு மொழி. இரண்டையும் ஒருங்கே கற்பிக்க இரு மொழியும் வழங்கும் பெங்களூரினும் தக்க ஊர் எது? தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிற் சுவரில் தமிழ்க் கல்வெட்டுகளைத் தாங்கி, 'தேசிமாணிக்கப் பட்டணம்' என்றும் ஒருகாலத்தில் வழங்கிய ஊரில் வாழும் நாம், கன்னட மாணவரோடு ஒரே பலகையில் அமர்ந்து இவற்றைப் படிக்க வெட்கப்படவேண்டியதில்லை.

சென்ற பருவத்தில் மகளின் வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு நூலைப் பற்றி உரையாற்றவேண்டும் என்றார் பேராசிரியர். அவள் சிலம்பை எடுத்துக்கொண்டாள். பாண்டியன் மாண்ட இடத்தில் முடித்துக்கொள் என்றோம் யாம். தமிழின் பெருமை அவ்வளவில் நிறைவுறும் என்று எமக்குள் ஓர் எண்ணம். அவள் கேளாமல் ஆயிரம் பொற்கொல்லர் வரை சென்று, "இவர்களுக்காக யார் சிலம்பை உடைப்பது?" என்று வகுப்பைக் கேட்டுவிட்டு அமர்ந்தாளாம். வகுப்பு முடிந்தும் எவரும் எழவில்லை என்றாள். சற்று மிகைப்படுத்தினாள் போலும். மறுநாள், கோலார்ப் பக்கத்து நகைத்தொழிற் குடும்பத்தைச் சேர்ந்த கன்னட மாணவன் ஒருவன் அவளிடம் வந்து, அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறான். ஆர். பார்த்தசாரதியின் 1993-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு எம் அலமாரியில் இருந்தது, கொடுத்தனுப்பினோம். நான்கு மாதங்கள் ஆகின்றன. நூல் இன்னும் திரும்பி வரவில்லை, யாமும் கேட்கவில்லை.